இறக்கத்தில் இடது வளைவு

ஜனவரி 9

தம்பிக்கு அண்ணன் சொல்ல, அண்ணி எழுதுவது.

இங்கே நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முறைத்துக்கொள்கிறது. உன் அண்ணிக்கு இருமல் விட்டது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் உன் மனைவிக்குக் கை வெந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். ஆறிவிட்டதா?

நம் ஊர் டிராம் கதை முடிந்தது. முதலில் துறைமுகப் பாதை போயிற்று, பிறகு சந்தைப் பாதை, பிறகு ரயிலடி. ஒவ்வொன்றை எடுக்கும்போதும் இத்தோடு நிறுத்திவிடுவார்கள் என்று எங்களை நாங்களே ஏமாற்றிக்கொண்டோம். கடைசியில் மணிக்கூண்டுப் பாதையும் போனது. தண்டவாளத்தைப் பெயர்க்கக்கூட அவர்களுக்குப் பொறுமை இல்லை. அப்படியே மேலே தார் ஊற்றிவிட்டார்கள். வெயில் ஏறினால் தார் இளகி இரண்டு கோடும் புடைத்துக்கொண்டு தெரிகிறது. மேலே இருந்த கம்பியை மட்டும் பொன்போலச் சுருட்டி எடுத்துப் போனார்கள்.

இப்போது எங்கே பார்த்தாலும் பஸ். ஓட்டுகிறவன் உட்கார்ந்துகொண்டு ஓட்டுகிறான். உட்கார்ந்து செய்கிற வேலைக்கெல்லாம் ஓட்டுவது என்று பெயரா? என்னோடு டிராம் ஓட்டியவர்களில் பாதிப் பேர் அதற்குப் போய்விட்டார்கள். எனக்கு லைசென்ஸ் கிடையாதாம். பலகையில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல வேண்டுமாம். தண்டவாளம் போகிற இடத்துக்குப் போகிறவனுக்குப் பலகை எதற்கு என்று கேட்டேன். அதிகாரி சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான் ஓட்டிய நாற்பத்தொன்றாம் நம்பர் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தார்ப்பாய் போட்டு மூடிக் கயிறு கட்டியிருந்தார்கள். பிணம் போகிற மாதிரி இருக்கிறது என்றாள் உன் அண்ணி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எவனோ ஒருத்தன் அவளைக் கூட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி இருந்தது. இன்னும் டிராம் ஓடுகிற ஊருக்குச் சில வண்டிகளை விற்றுவிட்டார்கள் என்று டிப்போ காவல்காரர் சொன்னார். எனக்குத் தெரிந்து அப்படி ஓர் ஊர் உன் ஊர்தான். வந்தால் எழுது. யார் கையில் கொடுக்கிறார்கள் என்பதையும் எழுது.

உன் ஊரில் மட்டும் இன்னும் ஓடுகிறதே என்று எனக்குப் பொறாமையாம். உன் அண்ணி சொல்கிறாள். அதெல்லாம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
அண்ணன் (பெருவிரல் ரேகை)


பிப்ரவரி 3

அண்ணனுக்கும் அண்ணிக்கும் வணக்கம்.

உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், படியில் ஏறி இறங்குவதைக் குறையுங்கள். இவளுக்குக் கை ஆறிவிட்டது, தழும்பு மட்டும் இருக்கிறது. நான் திடமாக இருக்கிறேன்.

அண்ணா, வந்துவிட்டாள். வரிசையாக லாரிகள் வந்து நின்றன. கடைசி லாரியில் தார்ப்பாயைப் பிரித்தார்கள். நம்பரைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. ஓட்டுநர் நிற்கிற பலகை இரண்டு பாதம் மாதிரி தேய்ந்து குழிந்திருந்தது. வலது பாதம் கொஞ்சம் வெளியே திரும்பியிருந்தது. உங்கள் நடை. "இது எங்க அண்ணன் வண்டிங்க" என்று கண்காணிப்பாளரிடம் வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனிதர். "அப்ப நீயே எடுத்துக்க" என்றார்.

பச்சையை மாற்றிச் சிவப்பும் மஞ்சளும் அடித்திருக்கிறார்கள். நம்பர் ஏழு. திங்கட்கிழமை முதல் மலைப்பாதையில் ஓட்டுகிறேன். மேட்டுத்தெருவில் ஏறி, அங்கே திரும்பி, ஆஸ்பத்திரி வாசல் வழியாக இறங்கும் பாதை. இவள் தினமும் காலையில் என் வண்டியில்தான் வேலைக்குப் போகிறாள்.

முதல் நாள் அந்தக் குழியில் காலை வைத்து நின்றேன். என் பாதம் கொஞ்சம் சின்னது. காலால் மிதிக்கிற மணியைக்கூட உங்கள் மாதிரியே அடிக்கிறேன். இரண்டு சின்னது, ஒன்று நீளம்.

அவளைப் பற்றி எனக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 11

தம்பிக்கு அண்ணன் சொல்ல, அண்ணி எழுதுவது.

நாங்கள் நன்றாகவே இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருங்கள். பதில் போடத் தாமதம். வேலை இல்லாதவனுக்கு நேரம் கிடைப்பதில்லை.

ஏழாம் நம்பரா? யாருக்குப் பிறந்த ஏழு? எனக்கு அவள் நாற்பத்தொன்றுதான். நிறத்தை மாற்றினார்கள், சரி. சிவப்பும் மஞ்சளும் அடித்தால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று நானும் தினமும் வாசலில் உட்கார்ந்து நினைத்துப் பார்க்கிறேன். நன்றாக இருக்காது.

அவளை யார் கழுவுகிறார்கள்? ஜன்னலைத் தூக்கி இறக்குகிற தோல் வார்களை எண்ணெய் போட்டுத் துடைக்கிறார்களா? முன்கதவை இழுத்துச் சாத்தக் கூடாது, தூக்கிச் சாத்த வேண்டும். சாயங்காலம் உனக்குப் பிறகு எடுக்கிறவன் யார்? புகையிலை மெல்லுகிறவன் என்றால் அவளிடம் விடாதே.

நான் நின்ற இடத்தில் நின்றேன் என்று எழுதியிருக்கிறாய். பலகையை மாற்றச் சொல். தேய்ந்த பலகை வழுக்கும். அப்புறம் அந்த மணி. இரண்டு சின்னது, ஒன்று நீளம் என்பது என் கால். சந்தை வீதியில் கண் தெரியாத பூட்டுக்காரர் ஒருவர் இருந்தார். அந்த மணியைக் கேட்டுத்தான் கடையைத் திறப்பார். வேறு ஒருத்தன் அப்படி அடித்தான் என்று கேட்டால் அவர் என்ன நினைப்பார்? நீ உன் மாதிரி அடி.

சொல்ல என்ன இருக்கிறது? நீ படித்தவன். ஓட்டினால் தெரிந்துவிட்டுப் போகிறது.

இப்படிக்கு,
அண்ணன் (பெருவிரல் ரேகை)

(இது அண்ணி எழுதுவது: உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டியதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. வாசலில் பஸ் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஏதோ ஒன்றைச் சொல்ல வாயெடுத்து முழுங்கிக்கொள்கிறார். நீங்களே கேளுங்கள் தம்பி.)


ஏப்ரல் 20

அண்ணனுக்கும் அண்ணிக்கும் வணக்கம்.

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் சுகம்.

மணியை மாற்றிக்கொண்டேன். ஒரே நீளமாக அடிக்கிறேன். பலகையையும் மாற்றிவிட்டார்கள். கதவைத் தூக்கித்தான் சாத்துகிறேன். சாயங்காலம் எடுப்பவர் ரொம்பச் சுத்தம், வெற்றிலை பாக்குகூடக் கிடையாது.

அவளால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை அண்ணா. ஒரு குறையும் இல்லை. சொன்னபடி கேட்கிறாள். இங்கே ஏற்கெனவே இருந்த வண்டிகளைவிட அலுங்காமல் போகிறது என்று வழக்கமாக வருகிறவர்கள் சொல்கிறார்கள். ஒரு பெரியவர் முன்னால் வருகிற இரண்டு வண்டியை விட்டுவிட்டு என் வண்டிக்காகவே நிற்கிறார்.

இந்த ஊரிலும் ஆரம்பித்துவிட்டார்கள். ஆற்றங்கரைப் பாதைக்கும் பள்ளிக்கூடப் பாதைக்கும் பஸ் வந்தாயிற்று. மலைப்பாதையில் மட்டும் பஸ் மூச்சு வாங்குகிறது என்பதால் எங்களை விட்டுவைத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
தம்பி


மே 28

தம்பிக்கு அண்ணன் சொல்ல, அண்ணி எழுதுவது.

வெயில் அதிகம், வேறு நோய் இல்லை. உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்.

ஒரு குறையும் இல்லை என்று எழுதியதை உன் அண்ணியை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். சந்தோஷம். என்னிடம் இருந்தபோது அவளுக்கு ஆயிரம் குறை. குளிரில் கிளம்ப மாட்டாள். திருப்பத்தில் முனகுவாள். கூட்டம் ஏறினால் கோபித்துக்கொள்வாள். உன்னிடம் வந்ததும் குணவதியாகிவிட்டாள் போலிருக்கிறது.

நிலக்கரி லாரி இடித்த கதை உனக்குத் தெரியாது. நீ அந்த ஊருக்குப் போன பிறகு நடந்தது. ரயிலடி முக்கில் மழை தூறிக்கொண்டிருந்தது. என் வண்டியில் முன்னால் ஒரு கர்ப்பிணிப் பெண், பக்கத்தில் மடியில் சுவர்க்கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒருவர். குறுக்கே வந்த லாரி இடது பக்கத்தில், சக்கரத்துக்கு மேலே குத்தியது. கடிகாரம் அந்த இடத்திலேயே மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. லாரிக்காரன் இறங்கி வந்து என் சட்டையைப் பிடித்தான்.

"ஏன்யா ஒதுங்கல நீ?"

"எங்கய்யா ஒதுங்குறது? தண்டவாளத்தைக் கேட்டுட்டு வா, ஒதுங்குறேன்."

அந்தப் பெண் பிரசவ வலியில் இருந்தவள் சிரித்துவிட்டாள். யாருக்கும் அடி இல்லை. வண்டியைப் பட்டறையில் நிறுத்தித் தட்டி நிமிர்த்தி அனுப்பினார்கள். ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு ஒரு குணம் வந்துவிட்டது. பட்டறையில் சொன்னேன். நிறுத்தி வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார்கள். நின்றால் தெரியாது அது. என்ன செய்ய வேண்டும் என்று நானாகத்தான் கண்டுபிடித்தேன்.

அது எனக்கும் அவளுக்கும் உள்ளது. உன்னிடம்தான் குறையே இல்லையே.

இப்படிக்கு,
அண்ணன் (பெருவிரல் ரேகை)

(இது அண்ணி எழுதுவது: அந்தக் குணம் என்னவென்று கேட்டேன். அதற்கு மேல் எழுதாதே, மடித்து ஒட்டு என்கிறார்.)


ஜூலை 6

அண்ணிக்கு மட்டும்.

இதைக் கீழ்வீட்டுத் தையல்காரர் கடை விலாசத்துக்குப் போடுகிறேன். வீட்டுக்கு வந்தால் அண்ணன் உடனே படிக்கச் சொல்லுவார். இதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம். நீங்கள் சுகம்தானே?

ஒரு குறையும் இல்லை என்று எழுதியது கோடைக்காலத்தில். அப்போது அது உண்மை. மழை ஆரம்பித்த பிறகு அவள் வேறு வண்டி. ஆஸ்பத்திரி வாசலுக்குச் சற்று மேலே பாதை இறங்கிக்கொண்டே இடது பக்கம் திரும்புகிறது. ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்காமல் இருக்க மணல் போடுவோம். காலால் ஒரு மிதியை மிதித்தால் குழாய் வழியாகச் சக்கரத்துக்கு முன்னால் மணல் கொட்டும். நான் மிதிக்கிறேன், கொட்டுகிறது. ஆனாலும் அந்த வளைவில் அவள் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகிறாள். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் நிற்கிறாள்.

போன வாரம் சலவைக்கூடத்துக் கைவண்டியை இடித்துவிட்டேன். தள்ளிக்கொண்டு வந்தவர் குதித்துவிட்டார். வெள்ளைத் துணியெல்லாம் சேற்றில். இவள் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டறையில் ஆள் இறங்கிப் பார்க்கிற குழியின் மேல் நிறுத்திப் பார்த்தார்கள், மணல் சரியாகத் தண்டவாளத்தில் விழுகிறது என்றார்கள்.

கண்காணிப்பாளர் கூப்பிட்டுச் சொன்னார். "இன்னொரு தடவை வழுக்குச்சுன்னா உன்னை இறக்கிடுவாங்க. பாதையும் பஸ்ஸுக்குப் போயிடும். மலைக்குன்னே பெரிய இன்ஜின் வச்ச பஸ் வாங்கி வச்சுட்டு ஒரு காரணத்துக்குத்தான்யா காத்துக்கிட்டிருக்காங்க."

அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். அவர் சொன்ன குணம் இதுதான் என்று எனக்கும் புரிகிறது. கேட்க வாய் வரவில்லை. சின்ன வயதிலிருந்து அவர் போட்டுத் தேய்ந்த சட்டை, அவர் வாங்கிக் கொடுத்த வேலை, அவர் பார்த்து வைத்த வீடு. முதல் நாள் அந்தக் காலடித் தடத்தில் நின்றபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா அண்ணி? இப்போது இது என்னுடையது என்று தோன்றியது. குறையே இல்லை என்று எழுதியதும் அந்தத் திமிரில்தான். இப்போது போய் அவரிடம் கையேந்த முடியவில்லை.

உங்களால் ஏதாவது தெரிந்துகொள்ள முடிந்தால் எழுதுங்கள்.

தம்பி


ஜூலை 14

தம்பிக்கு அண்ணி எழுதுவது.

உங்கள் கடிதத்தைத் தையல்காரர் கொடுத்தார். கடையிலேயே நின்று படித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டுதான் மேலே போனேன்.

அன்றைக்குச் சோறு போடும்போது சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"அந்த வண்டிக்கு ஏதோ குணம்னீங்களே, என்னங்க அது?"

"உனக்கெதுக்கு? நீ ஓட்டப் போறியா?"

"சும்மாதான் கேட்டேன்."

"சும்மா கேட்டா சும்மாதான் பதில் வரும்."

அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் கேட்டேன், அதுவும் இல்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போய் வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு அந்த வண்டியைப் பிடிக்கவே பிடிக்காது தம்பி. கல்யாணமான புதிதில் எனக்கு ஒரு சக்களத்தி இருக்கிறாள் என்று எங்கள் அம்மாவுக்கு எழுதினேன், அவர்கள் பயந்துபோய்விட்டார்கள். எனக்குக் காய்ச்சல் வந்தால் தைலம் எங்கே இருக்கிறது என்று என்னிடமே கேட்பார். அவளுக்குச் சக்கரத்தில் கீச்சென்று ஒரு சத்தம் வந்தால் தூக்கம் கெட்டுவிடும். இப்போது அவள் போய்விட்டாள், இவர் முழுதாக எனக்கே கிடைத்துவிட்டார் என்று பார்த்தால், வீட்டில் பெட்டிப்பாம்பாகச் சுருண்டு கிடக்கிறார். அவள் போயும் எனக்கு மிஞ்சவில்லை.

ஆனால் பொறாமை எப்படி வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் வளர்த்தவள் நான். கெஞ்சினால் அது இறுகிக்கொள்ளும். அதைச் சீண்ட வேண்டும்.

நாளைக்கு உங்களிடமிருந்து கடிதம் வந்திருப்பதாகச் சொல்லி, நீங்கள் எழுதாத ஒரு கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டப் போகிறேன். அதன் பிறகு அவர் சொல்லி வருகிற கடிதத்தில் வசவு இருக்கும். வசவை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வளைவில் மெதுவாகப் போங்கள்.

அண்ணி


ஜூலை 15

டேய் தம்பி,

அண்ணன் சொல்ல, அண்ணி எழுதுவது. சுகம் விசாரிக்க இப்போது மனம் இல்லை. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

உன் கடிதம் கேட்டேன். 'அண்ணன் கையில் இருந்ததைவிட என் கையில்தான் அவள் பெட்டிப்பாம்பாக இருக்கிறாள். மழையிலும் இறக்கத்திலும் விரலால் சொன்னால் போதும், நிற்கிறாள். ஏதோ குணம் என்று அண்ணன் எழுதியிருந்தாரே, அது வண்டியின் குணமா, ஓட்டினவர் குணமா?' நன்றாக எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது வீண்போகவில்லை.

பொய். மழையில், இறக்கத்தில், இடது வளைவில் அவள் உன் விரலுக்கு நிற்க மாட்டாள். விரலுக்கு என்ன, உன் முழு உடம்புக்கும் நிற்க மாட்டாள். எப்படி நிற்பாள்? லாரி குத்தியதிலிருந்து அவள் இடுப்பு கோணல். நேராக நிற்கும்போது பார்த்தால் தெரியாது. இறங்கிக்கொண்டே இடது பக்கம் திரும்பும்போது மட்டும் உடம்பு வெளியே சாயும். அப்போது மணல் குழாயின் வாய் தண்டவாளத்தை விட்டு விலகிப்போகும். நீ மிதியை மிதிப்பாய், மணலும் கொட்டும், அத்தனையும் தெருவில் கொட்டும். சக்கரத்துக்கு அடியில் ஒரு பொடி போகாது. இது தெரியாமல் வளைவுக்குள் போய் மணலை மிதித்துக்கொண்டு, பிரேக்கையும் இறுக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்ட சக்கரம் ஈரத்தில் எங்கே போய் நிற்கும் என்று கடவுளைக் கேள்.

நான் என்ன செய்வேன் என்றால், வளைவுக்கு முன்னால் நேர்த்தண்டவாளம் இருக்கிற இடத்திலேயே மணலை மிதித்துவிடுவேன். அங்கே அவள் சாய மாட்டாள், மணல் விழ வேண்டிய இடத்தில் விழும். வேகத்தையெல்லாம் அங்கேயே குறைத்துவிடுவேன். ஆள் நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்துவிடுவேன். பிறகு வளைவுக்குள் போகும்போது பிரேக்கைத் தொடவே மாட்டேன். கையைக்கூட எடுத்துவிடுவேன். அவள் பாட்டுக்குத் திரும்பி, அவள் பாட்டுக்கு நிமிர்வாள். நிமிர்ந்த பிறகுதான் பிரேக். அவளிடம் கெஞ்சுவதென்றால் வளைவுக்கு வெளியே கெஞ்ச வேண்டும். உள்ளே போய் மிரட்டினால் கேட்க மாட்டாள்.

இது தெரியாத நீ பெட்டிப்பாம்பு என்கிறாய்.

உன் ஊர்ப் பாதையில் அந்த வளைவுக்கு முன்னால் நேர் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீ பார்த்துக்கொள். முதல் நாள் ஆட்களை ஏற்றாமல் ஓட்டிப் பார்.

இப்போது சுகம் விசாரிக்கிறேன். நீயும் உன் மனைவியும் சுகம்தானே?

இப்படிக்கு,
அண்ணன் (பெருவிரல் ரேகை)

(இது அண்ணி எழுதுவது: சொல்லி முடித்ததும் சோறு போடு என்றார். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.)


ஆகஸ்ட் 12

அண்ணனுக்கும் அண்ணிக்கும் வணக்கம்.

நாங்கள் இரண்டு பேரும் இப்போதுதான் உண்மையாகவே சுகம்.

அண்ணா, அப்படி எழுதியிருக்கக் கூடாது. வாய்க்கொழுப்பில் வந்துவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொன்னபடி, ஆள் ஏற்றாமல் ஓட்டிப் பார்க்க அனுமதி கேட்டேன். கண்காணிப்பாளரும் கூட ஏறிக்கொண்டார். வளைவுக்கு முன்னால் ஒரு ரொட்டிக்கடை இருக்கிறது. கடைக்கு நேராக வரும்போதே மணலை மிதித்தேன், வேகத்தைக் குறைத்தேன். வளைவுக்குள் நுழைந்ததும் பிரேக்கிலிருந்து கையை எடுத்தேன். கண்காணிப்பாளர் "கையை வைய்யா, கையை வைய்யா" என்றார். வைக்கவில்லை. அவள் சாய்வது காலில் தெரிந்தது. அப்படியே திரும்பினாள், நிமிர்ந்தாள். ஆஸ்பத்திரி வாசலில், நிற்க வேண்டிய கல்லுக்கு நேராக நின்றாள்.

அதற்குப் பிறகு பெருமழை மூன்று வந்துவிட்டது. ஒரு முறைகூட வழுக்கவில்லை. மலைப்பாதைக்கு அடுத்த வருஷம் வரை உயிர் இருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள்.

இதைச் சொன்னது யார் என்று டிப்போவில் கேட்டார்கள். எங்கள் அண்ணன் என்று சொன்னேன்.

அன்புடன்,
தம்பி


செப்டம்பர் 2

தம்பிக்கு அண்ணன் சொல்லி எழுதியது.

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே. எல்லோரும் திடமாக இருக்கிறோம். உன் அண்ணி கடைவீதிக்குப் போயிருக்கிறாள். கீழ்வீட்டுத் தையல்காரர் எழுதுகிறார். பொத்தானுக்குக் காஜா எடுக்கிற கை, எழுத்து நெருக்கமாகத்தான் இருக்கும்.

நீ வாய்க்கொழுப்பில் எதையும் எழுதவில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

எனக்குப் படிக்கத்தான் தெரியாது. பார்க்கத் தெரியும். உன் கடிதம் எப்போதும் டிப்போ நீலத்தாளில், மூன்றாக மடித்து வரும். அன்றைக்கு உன் அண்ணி கையில் வைத்துப் படித்தது கரண்ட் பில். ஓரத்தில் சிவப்புக் கோடு போட்ட சின்னத்தாள். அதை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்குப் படித்தாள். நடுவில் ஒரு முறை திருப்பிப் பார்த்துப் பின்பக்கமும் படித்தாள். பின்பக்கம் வெறுந்தாள்.

போதாததற்குப் பெட்டிப்பாம்பு. அது அவள் வார்த்தை. கல்யாணமானதிலிருந்து என்னைத்தான் அப்படிச் சொல்கிறாள். நீ பிறந்ததிலிருந்து உன் பேச்சைக் கேட்கிறேன். பட்டம் அறுந்து போனபோதுகூட நான் கொடுத்த நூல் பழசு என்று சொல்லாமல், காற்று அதிகம் என்று சொன்னவன் நீ. ஓட்டினவர் குணமா என்று கேட்க உனக்கு வராது.

அதற்கு முன்னால் உன் நீலக் கடிதம் இந்தக் கடைக்கு வந்ததும் தெரியும். நான் உட்கார்ந்திருப்பது வாசலில். தபால்காரர் என்னைத் தாண்டித்தான் இவரிடம் போக வேண்டும். உன் அண்ணி கீழே வந்தாள், முகத்தைக் கழுவிக்கொண்டு மேலே போனாள், சாப்பாட்டு நேரத்தில் சும்மா கேட்டாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாற்பத்தொன்று உன்னிடம் மழையில் மக்கர் பண்ணுகிறாள். நீ தவிக்கிறாய். உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு இனித்தது. அவள் என்னை மறக்கவில்லை என்று இனித்தது. அப்புறம் வேறொன்று குத்தியது. தவிப்பை அண்ணியிடம் எழுதுகிறான், என்னிடம் எழுதவில்லையே என்று. வண்டியும் அவனுக்கு, அண்ணியும் அவனுக்கு, நான் வாசலில் பஸ்ஸை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கோபத்தில்தான் வாயைத் திறக்கவில்லை. உன் மனைவி தினமும் அந்த வண்டியில் போகிறாள் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு நாள் தெரிந்தேதான் சும்மா இருந்தேன்.

நல்லபடியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்ல எனக்கு வரவில்லையடா. கரண்ட் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு உன் அண்ணி வழி போட்டுக் கொடுத்தாள். கோபப்பட்டால் சொல்லிவிடலாம் என்று ஆகிவிட்டது. கோபப்பட்டேன்.

இதை அவளிடம் எழுதிவிடாதே. என்னை ஏமாற்றிவிட்டோம் என்று அன்றிலிருந்து வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு நடக்கிறாள். அந்த வண்டியிடம் ஆயுள் முழுக்கத் தோற்றவள். இது ஒன்றாவது அவள் ஜெயித்ததாக இருக்கட்டும்.

அடுத்த வருஷம் உங்கள் பாதையையும் எடுத்துவிடுவார்கள். தார் ஊற்றுவார்கள். நீயும் வாசலில் வந்து உட்காருவாய். போன ஜனவரியில் அதை நினைத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். இப்போது அப்படி இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒன்று கேட்கிறேன். மணியை உன் மாதிரி அடி என்று சொல்லியிருந்தேன். நேர்ப்பாதையில் அப்படியே அடி. ரொட்டிக்கடை தாண்டி, பிரேக்கிலிருந்து கையை எடுக்கிற இடத்தில் மட்டும் இரண்டு சின்னது, ஒன்று நீளம் அடி. அந்த வளைவு என்னுடையது. மற்றதையெல்லாம் நீ வைத்துக்கொள்.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். மழையில் நனையாதே.

இப்படிக்கு,
அண்ணன் (பெருவிரல் ரேகை)